நியூவார்க் சந்தையிலிருந்து லிங்கன்ஷயர் வரை: பழம்பொருள் கொள்முதலுக்குச் செல்லும் முறை

இங்கிலாந்தின் நாட்டுப்புறத்தில் பழம்பொருள் வாங்கப் புறப்படும் வணிகர், முதலில் சந்தைத் தேதியை உறுதிசெய்துகொண்டு, அதைச் சுற்றியே போக வேண்டிய ஊர்களை அமைத்துக்கொள்ள வேண்டும். நாட்டிங்ஹாம்ஷயரில் நியூவார்க் கண்காட்சித் திடலில் ஆண்டுக்குச் சில முறை மட்டுமே கூடும் பெருஞ்சந்தைதான் இந்தப் பயணத்துக்கு அச்சாணி. முதல் நாள் நுழைவுக் கட்டணம் கூடுதல்தான். ஆனால் வணிகர்கள் தங்களுக்குள் வாங்கி விற்பது அன்றைய காலைப் பொழுதில்தான் என்பதால், அதில் சிக்கனம் பார்ப்பது வீண். அங்கிருந்து வடக்கே, பழைய விமானப்படைத் தளக் கட்டடங்களில் இயங்கும் ஹெம்ஸ்வெல் கடைகளையும், கிழக்கே ஹார்ன்காசிலையும் பார்த்துவிடலாம். காட்ஸ்வோல்ட்ஸ் பகுதியின் டெட்பரி அழகான ஊர். ஆனால் அங்குள்ள விலை வீட்டை அலங்கரிப்பவருக்கானது, மறுவிற்பனைக்கு வாங்குபவருக்கானது அன்று.

மரச்சாமானை முன்பக்கம் பார்த்து மதிப்பிடுவது பயனற்ற வேலை. இழுப்பறை அலமாரி என்றால், ஓர் இழுப்பறையை முழுவதுமாக வெளியே உருவி, கவிழ்த்து, டார்ச் வெளிச்சத்தில் பார்க்க வேண்டும். மூலையில் பலகைகள் கோத்துக்கொள்ளும் பற்கள் கையால் வெட்டப்பட்டவையாயின் அகலத்தில் சிறிது ஏறியிறங்கி இருக்கும். எல்லாம் அச்சடித்தாற்போல் ஒரே அளவில் இருந்தால் அது இயந்திர வேலை. அடிப்பலகையில் வளைந்த வட்ட ரம்பத் தடம் தெரிந்தால், அந்தப் பலகையைப் பதினெட்டாம் நூற்றாண்டினது என்று சொல்பவரை நம்ப வேண்டியதில்லை. பிறகு, இழுப்பறை முகப்பின் உட்புறத்தைப் பாருங்கள். பழைய கைப்பிடிகளைக் கழற்றி அடைத்த துளைகள் உள்ளே இருந்து, வெளியே அவற்றுக்கு ஈடான தடம் எதுவும் இல்லையென்றால், முகப்பில் பின்னாளில் புதிய மேலொட்டு (மெல்லிய மரத்தகடு) ஒட்டியிருக்கிறார்கள் என்றே கொள்ள வேண்டும். மரம் நார்களுக்குக் குறுக்கே சுருங்கும் என்பதால், வட்ட மேசையின் விட்டத்தை இரு திசைகளிலும் அளந்து பார்ப்பது நல்லது. இருநூறு ஆண்டு பழைய ஒற்றைப்பலகை மேசை பெரும்பாலும் முழு வட்டமாக இருக்காது. உளுத்த துளைகள் இருப்பது குற்றமில்லை. துளையோரம் வெளிறிய புதுத்தூள் உதிர்ந்தால் மட்டும் அதைத் தொட வேண்டாம்.

வெள்ளிப் பொருளில் பொறித்திருக்கும் முத்திரைகளைப் படிக்கக் கைலென்ஸ் போதும். நடைபோடும் சிங்கம் 92.5 சதவீத வெள்ளியைக் குறிக்கும்; தரம் சோதித்த ஊரைச் சொல்பவை நங்கூரம் பர்மிங்ஹாம், சிறுத்தைத் தலை லண்டன், கிரீடம் 1974 வரையிலான ஷெஃபீல்டு; ஆண்டைத் தேதி எழுத்து சொல்லும். ஈ.பி.என்.எஸ். (EPNS) என்று இருந்தால் அது வேறு உலோகத்தின் மேல் பூசிய வெள்ளி முலாம். வெள்ளித் தேநீர்க் கெண்டியின் கைப்பிடி உடலோடு சேருமிடத்தில், சூடு ஏறாதிருக்க வைத்த வெண்ணிற வளையம் தந்தமாக இருக்கலாம். 2022 ஜூன் முதல் நடைமுறையில் உள்ள தந்தச் சட்டத்தின்படி, 1947 மார்ச்சுக்கு முன் செய்யப்பட்டு, கன அளவில் பத்து சதவீதத்துக்கும் குறைவாகத் தந்தம் கொண்ட பொருளையும் பதிவு செய்த பின்னரே விற்கவோ வாங்கவோ முடியும். ஆகவே பதிவுச் சான்றைக் கேட்காமல் பேரம் தொடங்க வேண்டாம்.

நாட்டுப்புற ஏலங்களில் மலிவாகக் கிடைப்பதுபோல் தோன்றும். சுத்தியல் விழும் விலையோடு கணக்கு முடிவதில்லை. 400 பவுண்டுக்கு எடுத்த பொருளுக்கு ஏலக்கூடம் 25 சதவீதக் கட்டணம் வைத்தால் 100 பவுண்டு, அதன்மீது 20 சதவீத வரி 20 பவுண்டு, ஆக 520 பவுண்டு என்று வந்து நிற்கும். எனவே ஏறக்கூடிய உச்ச விலையைக் கட்டணமும் வண்டிக் கூலியும் கழித்தே குறித்துக்கொண்டு போக வேண்டும்.

சந்தைக் கடையில் பேரம் பேசும்போது, குறைகளை அடுக்கிக் கடைக்காரரின் மனத்தை நோகடிப்பது பலன் தருவதில்லை. நீங்களும் வணிகர் என்பதைச் சொல்லி, வணிகருக்கான விலை என்ன என்று ஒரே ஒரு முறை கேளுங்கள். இரண்டு மூன்று பொருளைச் சேர்த்து எடுத்தால் விலை தானாக இறங்கும். பணம் கொடுத்தவுடன், பொருளின் காலமும் வகையும் எழுதிய ரசீதைக் கையோடு வாங்கிவிடுங்கள். ஐம்பது ஆண்டுக்கு மேற்பட்ட பொருளின் மதிப்பு, அதன் வகைக்கு நிர்ணயித்த வரம்பைத் தாண்டினால் நாட்டைவிட்டு வெளியே கொண்டுபோக ஏற்றுமதி உரிமம் தேவைப்படும். சாதாரண மேசை நாற்காலிகள் பெரும்பாலும் அதற்குக் கீழேயே நிற்கும், ஆனால் பழைய கையெழுத்துச் சுவடிகளையும் அகழ்ந்தெடுத்த பொருள்களையும் மதிப்பு குறைவு என்று எண்ணிப் பெட்டியில் போட்டுவிடக் கூடாது.