எந்தத் தொகுப்பு நன்றாகப் போகிறது? கணக்குப் பார்க்கையில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

சொந்தச் செலவில் இரண்டு மூன்று கவிதைத் தொகுப்புகள் போட்டவருக்கு, எது நன்றாகப் போயிருக்கிறது என்று ஒப்பிட்டுப் பார்க்கும் ஆசை எப்படியும் வந்துவிடும். பார்க்கத்தான் வேண்டும். அடுத்த தொகுப்பை எத்தனை பிரதி அச்சடிப்பது என்பது இந்தக் கணக்கைப் பொறுத்ததுதானே. ஆனால் கவிதை நூல்களின் விற்பனை எண்ணிக்கை சிறியது. கொஞ்சம் பிசகினாலும் முடிவு தலைகீழாகிவிடும்.

பலரும் செய்யும் தவறு, நூல்களின் வயதை மறந்துவிடுவது. ஒரு கணக்கு போட்டுப் பார்ப்போம். முதல் தொகுப்பு வந்து 36 மாதம் ஆகிறது, 240 பிரதி விற்றிருக்கிறது. இரண்டாவது வந்து 8 மாதம், 110 பிரதி. மொத்தத்தைப் பார்த்தால் முதல் தொகுப்புதான் முந்துகிறது. மாதச் சராசரி எடுத்தாலோ முதலாவதுக்கு ஏறக்குறைய 7, இரண்டாவதுக்கு 14. ஆகா, இரண்டு மடங்கு என்று தோன்றும். அதுவும் சரியில்லை, ஏனென்றால் எந்த நூலும் வந்த புதிதில்தான் வேகமாகப் போகும். முதல் தொகுப்பின் முதல் 8 மாதக் கணக்கைத் தேடி எடுங்கள். அதில் 130 என்று இருந்தால், அதே வயதில் அதுதான் முன்னால் நின்றிருக்கிறது.

இன்னும் ஒரு படி போகலாம். வெளியீட்டு மாதத்தில் வாங்குகிறவர்களில் பலர் நண்பர்களும் உறவினர்களும்தான். அவர்கள் உங்களுக்காக வாங்குகிறார்கள். அந்த மாதம் முதலாவது 45, இரண்டாவது 70 விற்றிருந்தால், அதைக் கழித்தபின் மிஞ்சுவது 85-ம் 40-ம். முகம் தெரியாத வாசகர் எந்த நூலைத் தேடி வந்தார் என்பது இங்கேதான் தெரிகிறது.

பெட்டியைப் பார்த்துக் கணக்குச் சொல்வது அடுத்த தவறு. இதை நானே செய்திருக்கிறேன். 200 பிரதி அச்சடித்தேன். கட்டிலுக்கு அடியில் இருந்த பெட்டியில் 40 மிச்சம். 160 விற்றுவிட்டது என்று கேட்டவர்களிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தேன். ஒருநாள் நோட்டை எடுத்துவைத்து ஒவ்வொரு பிரதியாக யோசித்து எழுதினேன். அன்பளிப்பாகக் கொடுத்தது 38, மதிப்புரைக்கு அனுப்பியது 6, கடைகளில் விற்றால் பணம் என்ற பேச்சில் கொடுத்து அங்கேயே கிடந்தது 30. உண்மையில் விற்றது 86. மனம் சுருங்கிப்போனது உண்மைதான், ஆனால் அடுத்த தொகுப்பை 100 மட்டும் அச்சடிக்கத் துணிந்தது அந்த எண்ணால்தான். கடைக்குக் கொடுத்ததை, பணம் கைக்கு வரும்வரை விற்பனைப் பத்தியில் எழுதாதீர்கள்.

இணைய விற்பனையில் சிக்கல் வேறு மாதிரி. அமேசானில் தெரியும் தரவரிசை எண் அண்மைய விற்பனையைப் பொறுத்து ஏறி இறங்கும். கவிதை நூல் ஒரு பிரதி விற்றாலே சட்டென்று மேலே வரும், இரண்டு நாள் விற்காவிட்டால் கீழே போய்விடும். ஒரு நூலை இன்றும் இன்னொன்றை அடுத்த வாரமும் பார்த்து ஒப்பிடுவதில் பொருளே இல்லை. நூலாசிரியர் தனக்காக வரவழைக்கும் ஆசிரியர் பிரதிகளும் அந்தத் தரவரிசையில் சேராது. இலவசமாகக் கொடுத்த நாட்களின் பதிவிறக்கத்தையும் விற்பனையோடு கூட்டக் கூடாது. இலவச நூல்களுக்குப் பட்டியலே தனி.

சந்தா கட்டி மின்னூல்களைப் படிக்கும் அமேசானின் கிண்டில் அன்லிமிடெட் திட்டம் வழியாகப் படிக்கப்பட்டால் கணக்கு பக்கங்களில் வரும், பிரதிகளில் வராது. அமேசான் கணக்கில் 60 பக்கம் வரும் தொகுப்பை ஒருவர் முழுதாகப் படித்தாலும் 60-தான் பதிவாகும். அதே கணக்கில் 180 பக்கம் வரும் தொகுப்பை ஒருவர் பாதியில் விட்டாலே 90. பக்க எண்ணிக்கையை அப்படியே ஒப்பிட்டால், முழுதாகப் படிக்கப்பட்ட சின்ன நூல் தோற்றதாகத் தெரியும். அந்தந்த நூலின் மொத்தப் பக்கத்தால் வகுத்துப் பாருங்கள். அமேசான் காட்டும் பக்க அளவு அச்சு நூலின் பக்கமாக இருக்காது என்பதால், அவர்கள் நூலுக்குக் கொடுத்திருக்கும் எண்ணையே எடுக்க வேண்டும்.

வருமானத்தை வைத்து விற்பனையை ஊகிப்பதும் வேண்டாம். அமேசானில் மின்னூலுக்கு, வைத்த விலையையும் வேறு நிபந்தனைகளையும் பொறுத்து ராயல்டி 35 சதவீதமாகவோ 70 சதவீதமாகவோ இருக்கும். அச்சு நூலில் அச்சுச் செலவு போகத்தான் மிச்சம். பணத்துக்கு ஒரு பத்தி, பிரதிக்கு ஒரு பத்தி.

அப்புறம், மாதம் 3 விற்றதையும் 5 விற்றதையும் வைத்து எதையும் தீர்மானிக்காதீர்கள். ஒரே நண்பர் இரண்டு பிரதி கூடுதலாக வாங்கினால் அந்த வித்தியாசம் வந்துவிடும். ஆறு மாதத்தைச் சேர்த்துப் பாருங்கள்.

ஒன்று மட்டும் எண்களில் எளிதில் சிக்காது. புதிய தொகுப்பைப் படித்துவிட்டு, பழையது இருக்கிறதா என்று கேட்டு வாங்குகிற வாசகர் உண்டு. அந்தப் பிரதியைப் பழைய நூலின் பத்தியில்தான் எழுத வேண்டும். ஆனால் பக்கத்திலேயே, எந்த நூலைப் படித்துவிட்டு வந்தார் என்று சின்னதாகக் குறித்துவையுங்கள்.