ஏபிஎஸ் விளக்கு அணைந்த கதை

போன மழைக்காலத்தில், திண்டிவனம் தாண்டியதும் டாஷ்போர்டில் மஞ்சள் ஏபிஎஸ் விளக்கு எரிந்தது. சிவப்பு பிரேக் விளக்கும் சேர்ந்து எரிந்திருந்தால் வண்டியை அங்கேயே ஓரம் கட்டியிருப்பேன். மஞ்சள் மட்டும் என்றால் சாதாரண பிரேக் வேலை செய்யும். திடீரென மிதிக்கும்போது சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் காக்கும் வசதிதான் இருக்காது. மெதுவாக வீடு வந்து சேர்ந்தேன்.

பிரேக் ஆயில் அளவு சரி, ஃபியூஸும் சரி. என்னிடம் இருந்த மலிவு ஸ்கேனர் இன்ஜின் கோளாறுகளை மட்டும்தான் படிக்கும். ஒர்க்‌ஷாப்பில், ஏபிஎஸ்ஸை இயக்கும் மின்னணுப் பெட்டியான மாட்யூல் போச்சு, மாற்றணும் என்றார்கள். தொகையைக் கேட்டதும் தலை சுற்றியது. ஏபிஎஸ் படிக்கும் ஸ்கேனரை நண்பரிடம் இரவல் வாங்கிப் போட்டுப் பார்த்தால், சி0035 என்ற கோளாறுக் குறியீடு வந்தது: முன் இடது சக்கர வேக சென்சார் சர்க்யூட்.

ஜாக்கி போட்டு, ஸ்டாண்டு வைத்து, சக்கரத்தைக் கழற்றினேன். என் வண்டியில் இருப்பது பழைய காயில் வகை சென்சார்; மல்டிமீட்டரில் அதன் மின்தடையை ஓம் கணக்கில் பார்க்கலாம். வலப்பக்கம் 1,100 ஓம். இடப்பக்கம் ஒன்றுமே காட்டவில்லை. வயரை லேசாக ஆட்டினால் எண் துள்ளி வந்தது, விட்டால் மறைந்தது! அப்படியானால் சென்சார் நல்லாத்தான் இருக்கிறது. சஸ்பென்ஷன் தண்டான ஸ்ட்ரட் பக்கம் வயரைப் பிடிக்கும் கிளிப்பைக் காணோம். முன்பு சஸ்பென்ஷன் வேலை பார்த்தவர் மாட்ட மறந்திருக்க வேண்டும். டயர் உரசி உரசித் தோல் கிழிந்து, உள்ளே செம்பில் பச்சைக் களிம்பு.

களிம்பேறியதை வெட்டி, சால்டர் வைத்து, ஹீட் ஷ்ரிங்க் ஸ்லீவ் போட்டு, டயரில் படாதபடி கட்டினேன். ஸ்கேனரில் அந்தக் கோளாறுக் குறியீட்டை அழித்துவிட்டு ஒரு சுற்று போனேன். விளக்கு வரவில்லை.