வடிகஞ்சி, எச்சில், சுங்குடி நூல்: வீட்டிலேயே ஒரு மூலக்கூறு பாடம்

சோற்றில் இருக்கும் மாச்சத்தும் சுங்குடிப் புடவையின் பருத்தி நூலும் ஒரே சரக்குதான். இரண்டுமே குளுக்கோஸைச் சரம் சரமாகக் கோத்தவை. கோத்த விதம்தான் வேறு. அந்த வேறுபாட்டை நம் மதுரை அடுப்படியில் நின்றே பார்த்துவிடலாம்.

தேவையானவை: ஆறிய வடிகஞ்சி, மெடிக்கலில் கிடைக்கும் பீட்டாடின் திரவம் (அயோடின் உள்ள புண் மருந்து; களிம்பு வேண்டாம்), மூன்று சின்னக் கிண்ணம், சுங்குடித் துணித்துண்டு இரண்டு. குக்கர் சோறு வைக்கும் வீடென்றால் அரிசி மாவைக் கரைத்துக் காய்ச்சி ஆறவிடுங்கள்.

படி 1: ஒரு டம்ளர் தண்ணீரில் ஒரு ஸ்பூன் கஞ்சியைக் கலக்குங்கள். அதில் இரண்டு ஸ்பூன் முதல் கிண்ணத்துக்கு. ஒரு சொட்டு பீட்டாடின் விடுங்கள். கருநீலம் பரவும். மாச்சத்தில் உள்ள அமைலோஸ் சரம் ஸ்பிரிங் போலச் சுருண்டிருக்கும். ஒரு சுற்றுக்கு ஆறு குளுக்கோஸ். அந்தச் சுருளுக்குள் அயோடின் போய் உட்காரும்போதுதான் இந்த நிறம். முதல் தடவை நான் ஆவி பறக்கிற கஞ்சியில் விட்டேன், நிறமே வரவில்லை. மருந்து பழசு என்று நினைத்தேன். ஆற ஆற, அதே கிண்ணத்தில் நீலம் ஏறியது. சூட்டில் சுருள் தளர்ந்து அயோடினை விட்டுவிடுகிறது, அவ்வளவுதான்.

படி 2: வாயைக் கொப்பளித்துவிட்டு, அரை ஸ்பூன் எச்சிலை இரண்டாம் கிண்ணத்துக் கஞ்சித் தண்ணீரில் கலக்கிப் பதினைந்து நிமிடம் விடுங்கள். உடம்புச் சூடு, அதாவது 37 டிகிரி இதற்கு ஏற்றது. சித்திரை வெயிலில் திண்ணையில் வைத்தாலே போதும்; மார்கழி என்றால் உள்ளங்கைக்குள் பிடித்துக்கொள்ளுங்கள். இப்போது பீட்டாடின் விட்டால் நீலம் வராது, மருந்தின் பழுப்புதான் தெரியும். எச்சிலில் உள்ள அமைலேஸ் என்ற நொதி சரத்தைத் துண்டு துண்டாக வெட்டிவிட்டது.

படி 3: இதைத் தவறவிடாதீர்கள். கொஞ்சம் எச்சிலைக் கிண்ணத்தோடு கொதிநீரில் பத்து நிமிடம் வைத்து, ஆறியபின் படி 2-ஐ அப்படியே செய்யுங்கள். நீலம் திரும்ப வரும்! "அத்தை, சுட வச்சா எச்சி செத்துப்போகுமா?" என்று அண்ணன் மகள் கேட்டாள். உயிரெல்லாம் இல்லைம்மா, அமைலேஸ் ஒரு புரதம். அது மடிந்திருக்கிற வடிவம்தான் அதன் கத்தி, சூட்டில் மடிப்பு குலைந்துவிட்டது என்றேன்.

படி 4: கஞ்சி போட்ட சுங்குடித் துண்டிலும், பலமுறை வெந்நீரில் அலசிய துண்டிலும் ஒவ்வொரு சொட்டு விடுங்கள். முதலாவது கருநீலம், இரண்டாவது பழுப்பு. பருத்தி செல்லுலோஸ். அதில் ஒன்றுவிட்டு ஒரு குளுக்கோஸ் தலைகீழாகத் திரும்பி நிற்பதால் சரம் சுருளாமல் நேராக நீளும், பக்கத்துச் சரங்களோடு இறுகப் பிணைந்துகொள்ளும். நூலுக்கு வலு அதனால்தான். அயோடின் நுழையச் சுருள் கிடையாது, நம் அமைலேஸுக்கும் அந்தப் பிணைப்பை வெட்டத் தெரியாது. வைக்கோல் தின்னும் மாட்டுக்குக்கூட அதன் இரைப்பையில் வாழும் நுண்ணுயிர்கள்தான் வெட்டிக் கொடுக்கின்றன.

முடிந்ததும் எல்லாவற்றையும் கொட்டிக் கிண்ணங்களைச் சோப்புப் போட்டுக் கழுவுங்கள். துணியில் கறை பட்டால் வைட்டமின் சி மாத்திரையைக் கரைத்துத் தேயுங்கள், போய்விடும்.