கோல்டு கார்டு எங்கே செல்லும், எங்கே செல்லாது: வேலூர்ப் பயணிகளுக்கு

மிலான் தோல் கண்காட்சிக்கும் ஹாங்காங்குக்கும் ஆண்டுதோறும் போய்வரும் ஆம்பூர், இராணிப்பேட்டை ஏற்றுமதியாளர்களும், மாநாடுகளுக்குப் பறக்கும் வேலூர் மருத்துவர்களும் ஏதாவதொரு விமான நிறுவனத்தின் அடிக்கடி பறப்போருக்கான திட்டத்தில் சில்வர் அல்லது கோல்டு நிலையை எட்டிவிடுகிறார்கள். ஆனால் அந்த அட்டைக்கு வெளிநாட்டு விமானத்தில் கிடைக்கும் மரியாதை உள்நாட்டு விமானத்திலும் அப்படியே கிடைக்கும் என்று எண்ணிக்கொண்டு கவுண்டருக்குப் போவது சரியல்ல.

பயணச்சீட்டில் எந்த நிறுவனத்தின் எண் இருக்கிறது என்பதைவிட, விமானத்தை உண்மையில் இயக்குவது யார், அந்த நிறுவனம் எந்தக் கூட்டணியில் (ஒன்றின் உறுப்பினர் நிலையை மற்றொன்று மதிக்கும் விமான நிறுவனங்களின் குழு) இருக்கிறது என்பதையே முதலில் பாருங்கள். ஏர் இந்தியா 2014இல் ஸ்டார் அலையன்ஸில் சேர்ந்தது. சென்னைக்கு வரும் லுஃப்தான்சாவும் சிங்கப்பூர் ஏர்லைன்ஸும் அதே கூட்டணி. பிரிட்டிஷ் ஏர்வேஸ், கத்தார், ஸ்ரீலங்கன் ஆகியவை ஒன்வேர்ல்டில் உள்ளன. எமிரேட்ஸ் எதிலும் இல்லை. இண்டிகோவும் ஏர் இந்தியா எக்ஸ்பிரஸும் ஸ்டார் அலையன்ஸில் இல்லை. ஆகவே கூட்டணி நிறுவனத்தின் எண்ணில் வாங்கிய சீட்டாக இருந்தாலும், அதன் உள்நாட்டுப் பகுதியை இண்டிகோ இயக்குமானால், அந்தப் பகுதிக்கு உங்கள் ஸ்டார் கோல்டு, அதாவது ஸ்டார் அலையன்ஸ் முழுவதும் செல்லும் கோல்டு நிலை, செல்லாது.

சில்வர் நிலையை வைத்துக்கொண்டு பிற நிறுவனங்களிடம் அதிகம் எதிர்பார்க்க வேண்டாம். ஸ்டார் சில்வருக்குக் கூட்டணி அளவில் கிடைப்பது காத்திருப்போர் பட்டியலில் முன்னுரிமை மட்டுமே. ஒன்வேர்ல்டில் அதற்கு இணையான ரூபி நிலைக்கும் லவுஞ்ச் (விமான நிலைய ஓய்வறை) கிடையாது. ஸ்டாரில் கோல்டு, ஒன்வேர்ல்டில் சஃபயர் நிலைகளில்தான் லவுஞ்ச் திறக்கிறது. ஸ்டார் கோல்டுக்கு, எடைக் கணக்குள்ள தடங்களில் கூடுதலாக 20 கிலோவும், பெட்டிக் கணக்குள்ள தடங்களில் கூடுதலாக ஒரு பெட்டியும் உண்டு. மாதிரிக் காலணிகளைச் சுமந்து செல்வோருக்கு லவுஞ்சைவிட இதுவே பெரிய லாபம் என்பது என் கருத்து.

இந்தியாவுக்குள் எகானமி வகுப்பில் வழக்கமாகத் தருவது 15 கிலோதான். சென்னையிலிருந்து டெல்லிக்கு ஒரு சீட்டு, டெல்லியிலிருந்து மிலானுக்கு வேறொரு சீட்டு என்று தனித்தனியே வாங்கினால், முதல் பகுதியில் அந்த 15 கிலோ கணக்கில் மாட்டிக்கொள்வீர்கள். ஒரே பி.என்.ஆரில் வாங்கினால் பொதுவாக வெளிநாட்டுப் பயணத்துக்கான அளவே உள்நாட்டுப் பகுதிக்கும் பொருந்தும். டிராவல் ஏஜென்டிடம் இதை வாய்விட்டுக் கேளுங்கள்; விலை குறைகிறதே என்று அவர்களாகவே சீட்டைப் பிரித்துப் போட்டுவிடுவதுண்டு.

உள்நாட்டு முனையத்தில் லவுஞ்சுக்காகக் கோல்டைத் துரத்துவது வீண். வங்கி அட்டை வைத்திருப்போரும் அதே வரிசையில்தான் நிற்கிறார்கள். ஸ்ரீபெரும்புதூர், பூந்தமல்லி நெரிசலுக்குப் பயந்து மிக முன்னதாகவே வீட்டை விட்டுக் கிளம்பி, பன்னாட்டு முனையத்தில் நள்ளிரவு விமானத்துக்காகக் காத்திருக்கும் நம்மைப் போன்றவர்களுக்குத்தான் லவுஞ்ச் உண்மையில் பயன்படுகிறது.

அமெரிக்காவில் இருக்கும் பிள்ளைகளைப் பார்க்கப் போகிறவர்கள் ஒரு விசித்திரத்தைத் தெரிந்துகொள்ள வேண்டும். யுனைடெட் நிறுவனத்தின் சொந்தத் திட்டத்தில் கோல்டு நிலை பெற்றவர், எகானமியில் அமெரிக்க உள்நாட்டுப் பயணம் மட்டும் செய்யும்போது, அந்த நிலையைக் காட்டி யுனைடெட் லவுஞ்சுக்குள் போக முடியாது. ஆனால் ஏர் இந்தியாவின் உறுப்பினர் திட்டமான மகாராஜா கிளப்பில் கோல்டு பெற்றவர், அதே யுனைடெட் விமானத்தில் போனாலும், ஸ்டார் கோல்டு என்ற முறையில் உள்ளே போகலாம். அமெரிக்கன் ஏர்லைன்ஸிலும் கதை இதுதான். அங்கே ஒன்வேர்ல்டின் பிற நிறுவனங்களில் சஃபயர் பெற்றவர்களுக்கு அந்த வாய்ப்பு உண்டு. வீட்டுப் பிள்ளைக்குப் பழைய சோறு, விருந்தாளிக்குத் தலைவாழை இலை என்பது போன்ற ஏற்பாடு இது. இருக்கை வகுப்பை உயர்த்துவதில் மட்டும் நிலைமை தலைகீழ்: உள்நாட்டுத் தடங்களில் இடமிருந்தால் முதல் வகுப்புக்கு இலவசமாக மாற்றித் தருவது பெரும்பாலும் சொந்த உறுப்பினர்களுக்கே, கடல் கடந்த நெடும்பயணத்தில் அவர்களுக்கும் அது சும்மா கிடைப்பதில்லை. எனவே ஆண்டுக்கு ஓரிரு முறை மட்டும் அமெரிக்கா போகிறவர், சென்னையிலிருந்தோ பெங்களூரிலிருந்தோ தாம் அதிகம் பயன்படுத்தும் ஆசிய அல்லது ஐரோப்பிய நிறுவனத்தின் திட்டத்திலேயே மைல்களை, அதாவது பறப்பதற்குக் கிடைக்கும் புள்ளிகளை, சேர்ப்பது நல்லது.

குடியேற்றச் சோதனை வரிசையைக் கோல்டு கார்டு குறைக்கும் என்று நம்பியிராதீர்கள். அதற்கு உள்துறை அமைச்சகத்தின் விரைவுக் குடியேற்றத் திட்டத்தில் இலவசமாகப் பதிந்துகொள்ளலாம். 2025 ஜனவரியிலிருந்து சென்னையிலும் பெங்களூரிலும் அதற்கான தானியங்கி வாயில்கள் உள்ளன.

பயண நாளில் கவுண்டரில் இரண்டைச் சரிபாருங்கள். போர்டிங் பாஸில் உங்கள் உறுப்பினர் எண்ணும் கூட்டணி நிலையும் அச்சாகியிருக்க வேண்டும். இல்லையென்றால் அங்கேயே எண்ணைச் சேர்க்கச் சொல்லுங்கள். பெட்டி பெல்ட்டில் நகர்வதற்குள் முன்னுரிமைச் சீட்டு அதில் கட்டப்பட்டதா என்று பாருங்கள்.

பெயர் விஷயத்தில் நம் ஊர்க்காரர்களுக்குத் தனிக் கவனம் தேவை. திட்டத்தில் முதலெழுத்தோடு பதிந்துவிட்டு, பாஸ்போர்ட்டில் தந்தை பெயர் முழுமையாக இருப்பதால் சீட்டை அப்படியே வாங்கினால், இரண்டும் பொருந்தாமல் மைல்கள் ஏறாமல் போகக்கூடும். பாஸ்போர்ட்டில் உள்ளபடியே கணக்கைத் திருத்திக்கொள்ளுங்கள். மைல்கள் கணக்கில் ஏறும்வரை போர்டிங் பாஸை எறிய வேண்டாம், விடுபட்டவற்றைக் குறிப்பிட்ட காலத்துக்குள் கேட்டுப் பெற அதுவே சான்று.