நெட் ஸ்பீடு இருக்கு, அப்புறம் ஏன் கேம் திக்குது?

எதிரி கண்ணெதிரே நிற்கிறான். சுடுகிறோம். திரை அரை நொடி உறைகிறது. மறுபடி அசையும்போது செத்துக் கிடப்பது நாம்தான். இந்தக் கடுப்பில் எல்லோரும் செய்யும் முதல் தவறு, நெட் பிளானை உயர்த்துவது. நானும் செய்தேன். 100 எம்பிபிஎஸ்ஸிலிருந்து 300க்கு மாறினேன். பில் கூடியது, லேக் (இந்தத் தாமதம்) குறையவில்லை. விளையாடும்போது போய்வரும் தரவு ஒன்றிரண்டு எம்பிபிஎஸ்ஸுக்குள் அடங்கிவிடும். அது நேரத்துக்குப் போய்ச் சேர்கிறதா என்பதுதான் விஷயம். வீடியோ கொஞ்சத்தை முன்கூட்டியே இறக்கி வைத்துச் சமாளிக்கும். கேமுக்கு அந்த வசதி கிடையாது.

அடுத்த தவறு, கோளாறு எங்கே என்று பார்க்காமல் கஸ்டமர் கேரைக் கூப்பிட்டுத் திட்டுவது. முதலில் கமாண்ட் பிராம்ப்ட்டைத் திறந்து உங்கள் ரவுட்டருக்கே பிங் (சின்னத் தகவல் அனுப்பி, பதில் வர ஆகும் நேரத்தை அளப்பது) போட்டுப் பாருங்கள். முகவரி பெரும்பாலும் 192.168.1.1 அல்லது 192.168.0.1. எனக்கு மில்லிசெகண்டில் வந்தது இது: 2, 3, 2, 2, 184, 3, அப்புறம் ஒரு ‘ரிக்வெஸ்ட் டைம்ட் அவுட்’. பாக்கெட், அதாவது அனுப்பிய தரவுத் துண்டு, தெருவுக்கே போகவில்லை, பதினைந்து அடியில் இருக்கும் ரவுட்டரைத் தொட்டுவருவதற்குள் தொலைந்துவிட்டது. இதற்கு நெட் கம்பெனி என்ன செய்யும்? ரவுட்டர் வரை 2, 3 மில்லிசெகண்டிலேயே நின்று வெளியே மட்டும் எகிறினால் சண்டைக்குப் போகலாம். அதற்கு முன் கேமில் எந்த சர்வர் தேர்வாகியிருக்கிறது என்றும் பாருங்கள். ஃபைபரில் 100 கிலோமீட்டர் போய்வரவே சுமார் 1 மில்லிசெகண்ட் ஆகும். தூரத்தை எந்த ரவுட்டராலும் குறைக்க முடியாது.

என் ரவுட்டர் இருந்த இடம் டிவிக்குப் பின்னால், இரும்பு பீரோவை ஒட்டி. ஃபைபர் உள்ளே வந்த மூலையிலேயே மாட்டிவிட்டுப் போயிருந்தார்கள். இரும்பும் முகம் பார்க்கும் கண்ணாடியும் சிக்னலைத் திருப்பி அடிக்கும். நாலடி தள்ளி, ஆள் உயரத்தில் வைத்ததுமே பாதிப் பிரச்சினை போனது.

மீதிப் பாதி அக்கம்பக்கம். அடுக்குமாடி வீடுகளில் வைஃபையின் 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசை சந்தைக்கடை மாதிரி. பக்கத்து வீட்டு வைஃபை, ப்ளூடூத், மைக்ரோவேவ் அடுப்பு எல்லாம் அங்கேதான். அதில் ஒன்றோடொன்று மோதாத சேனல்கள் 1, 6, 11 மூன்றுதான். ‘4 காலியாகத்தானே இருக்கு’ என்று அதில் போய் உட்கார்வது புத்திசாலித்தனம் போலத் தெரியும், ஆனால் நேர்மாறு. ஒரே சேனலில் இருக்கும் ரவுட்டர்கள் ஒன்று பேசும்போது மற்றொன்று காத்திருக்கும். நடுவில் நுழைந்தவனுக்கு இரண்டு பக்கமும் வெறும் இரைச்சல்தான். முடிந்தவரை 5 கிகாஹெர்ட்ஸுக்கு மாறுங்கள். இரண்டு அலைவரிசைக்கும் ஒரே வைஃபை பெயர் இருந்தால் லேப்டாப் தன்னிஷ்டத்துக்கு 2.4க்குத் தாவும், அதனால் பெயரைப் பிரித்துவிடுங்கள். ஆனால் 5 கிகாஹெர்ட்ஸ், சுவர் தாண்டுவதில் நோஞ்சான். ரெண்டு அறை தள்ளி விளையாடினால் எடுபடாது.

ராத்திரி மட்டும் லேக் வருகிறதா? வீட்டில் யாருடைய ஃபோனோ அன்றைய படங்களை கிளவுடில் ஏற்றிக்கொண்டிருக்கும். அப்லோடு நிரம்பினால் ரவுட்டர் மிச்சத்தைத் தூக்கி எறியாமல் வரிசையில் நிறுத்தி வைக்கும். உங்கள் துப்பாக்கிக் குண்டும் அந்த வரிசையில் கல்யாணப் படங்களுக்குப் பின்னால் நிற்கும். ரவுட்டரில் கியூஓஎஸ் (எந்தத் தரவுக்கு முன்னுரிமை என்று தீர்மானிக்கும் வசதி) இருந்தால் அப்லோடை உண்மையான வேகத்தில் 85, 90 சதவீதத்துக்கு மட்டுப்படுத்துங்கள். ஸ்பீடு டெஸ்டில் எண் கொஞ்சம் குறையும், போகட்டும்.

சிக்னல் போதவில்லை என்று ரிப்பீட்டர் வாங்குவதும் பணத்துக்குக் கேடு. சாதாரண ரிப்பீட்டர் கேட்டதையே அதே அலையில் திரும்பச் சொல்கிறது, ஒவ்வொரு பாக்கெட்டும் காற்றில் இரண்டு முறை பறக்க வேண்டும். அந்தக் காசுக்கு ரவுட்டரையும் கம்ப்யூட்டரையும் நேரடியாக இணைக்க ஒரு கேட் 6 நெட்வொர்க் கேபிள் வாங்கலாம். 100 மீட்டர் வரை கவலையில்லை. நான் கதவிடுக்கில் நுழைத்துச் சுவரோரம் கிளிப் அடித்தேன். கால் தடுக்குகிறது என்று அம்மா ஒரு வாரம் புலம்பினார். ரவுட்டருக்கு இப்போது பிங் போட்டால் வரிக்கு வரி 1 மில்லிசெகண்டுக்கும் கீழே.