எல்லா அழைப்பும் அவசரமில்லை: வன்னிக் கால்நடை வைத்தியர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

கால்நடை வைத்தியரின் தொழில்சார் சோர்வை வெறும் களைப்பு என்று எண்ணி, நாலு நாள் லீவில் சரியாகிவிடும் என்று விடுவதுதான் முதல் தவறு. உலக சுகாதார நிறுவனம் 2019இல் தொழில்சார் சோர்வுக்கு மூன்று அடையாளங்களைச் சொன்னது: உடலும் மனமும் வற்றிப்போதல், வேலையில் வெறுப்பும் விலகலும், செய்வது எதற்கும் பயனில்லை என்ற எண்ணம். பண்ணையாளர் வாய் திறக்கும்போதே எரிச்சல் வருகிறதென்றால் இரண்டாவது தொடங்கிவிட்டது. லீவு முடிந்து வந்தாலும் அதே போன்தான் காத்திருக்கும்.

அந்த போனில்தான் பாதிப் பிரச்சினை இருக்கிறது. வட இலங்கையின் வன்னியை ஊடறுத்துச் செல்லும் ஏ9 வீதியை விட்டு உள்ளே இறங்கினால் ஒரு மாட்டைப் பார்த்துத் திரும்பவே அரை நாள் போய்விடக்கூடும். அப்படியிருக்க, "டொக்டர், உடனே வாங்கோ" என்றதும் மோட்டார் சைக்கிளை எடுக்கக் கூடாது. மாடு எழும்பி நிற்கிறதா, அசைபோடுகிறதா, எப்போதிருந்து இப்படி, கன்று போட்டு எத்தனை நாள் என்று முதலில் கேளுங்கள். பனிக்குடம் உடைந்து ஒன்றிரண்டு மணி நேரமாகியும் கன்று வராத மாடு, இடப்பக்க வயிறு ஊதி மூச்சு முட்டும் மாடு, கன்று போட்டபின் விழுந்து எழும்பாத பசு, நிற்காத இரத்தப்போக்கு, பாம்புக்கடி ஆகியவற்றுக்கு இரவென்றாலும் போகத்தான் வேண்டும். உண்ணி, சொறி, பூச்சி மருந்து எல்லாம் விடியட்டும். மாலையில் பருவத்துக்கு வந்த பசுவுக்கும் மறுநாள் காலையே சினைப்படுத்தலுக்குச் சரியான நேரம். இரவில் ஓடத் தேவையில்லை.

எதற்கு உடனே வருவோம், எது விடியும்வரை பொறுக்கும் என்ற இந்தப் பட்டியலைப் பெரிய எழுத்தில் எழுதிப் பணிமனைச் சுவரில் மட்டும் ஒட்டினால் போதாது. பால் சேகரிப்பு நிலையத்தில் ஒட்டுங்கள். பண்ணையாளர்கள் காலையில் கூடும் இடம் அது. வார இறுதியில் ஊருக்குப் போகிறவர் பக்கத்துப் பிரிவு வைத்தியரோடு முறை மாற்றி, அவருடைய இலக்கத்தையும் அதே தாளில் எழுத வேண்டும். போனைத் திறந்து வைத்துக்கொண்டு பஸ்ஸில் ஏறினால் அது ஓய்வு நாளே இல்லை.

களைத்த கையோடு வேலை செய்வதன் விலை பெரியது. பால் காய்ச்சலில், அதாவது கன்று போட்டதை ஒட்டி இரத்தத்தில் கல்சியம் குறைந்து, விழுந்து கிடக்கும் பசுவுக்கு ஒரு போத்தல் கல்சியத்தை இரத்தநாளத்தில் ஏற்ற 10 முதல் 20 நிமிடம் எடுக்க வேண்டும், இதயத் துடிப்பைக் கேட்டுக்கொண்டே. போத்தலை உயர்த்தி அவசரப்படுத்தினால் இதயம் நின்று பசு அங்கேயே செத்துவிடக்கூடும். மாடுகளில் கருச்சிதைவை உண்டாக்கும் புருசெல்லா நோய்க்குப் போடும், உயிருள்ள கிருமி அடங்கிய எஸ்-19 தடுப்பூசி தவறித் தன் கையில் குத்தினால் வைத்தியருக்கே நோய் தொற்றலாம். ஆடி, ஆவணி வெயிலில் வெறுந் தேத்தண்ணியும் பிஸ்கட்டும் சாப்பாடாகாது. வெயிலில் நின்று வேலை செய்யும்போது 20 நிமிடத்துக்கு ஒரு தம்ளர் தண்ணீர் குடிக்க வேண்டும்.

அடுத்த தவறு, தப்பாது என்று தெரிந்த மாட்டுக்கும் "பார்ப்பம்" என்று சொல்லிவிட்டு வருவது. அந்த ஒரு சொல்லுக்காக இன்னும் மூன்று தடவை போக வேண்டிவரும். மாடு செத்தபின் பழியும் வரும். மருந்து ஏற்ற முன்னரே, "அம்மா, இது தப்பிறது கஷ்டம். நோவைக் குறைக்கத்தான் மருந்து தாறன்" என்று சொல்லிவிடுங்கள். போருக்குப் பின் தனியாகக் குடும்பம் நடத்தும் பெண்ணுக்கு அந்த ஒரு பசுதான் சேமிப்பு. அவர் அழுவார், அதைக் கேட்டுக்கொண்டு நிற்பதும் வேலைதான். ஆனால் அவருடைய இழப்பு உங்களுடைய பிழை ஆகாது. கருணைக்கொலைக்குச் சம்மதிக்காத வீட்டில் நோவு மருந்தைத் தொடர்வதும் வைத்தியம்தான்.

2022 டிசம்பர் குளிரில் வடக்கிலும் கிழக்கிலும் மாடுகள் கூட்டமாகச் செத்ததுபோல் ஒன்று நடந்தால், எத்தனை மணிக்கு அழைப்பு வந்தது, போனபோது மாடு எப்படி இருந்தது, என்ன கொடுத்தோம் என்று அன்றே எழுதுங்கள். பிறகு கால்நடை அபிவிருத்திப் போதனாசிரியரோடு பத்து நிமிடம் இருந்து கதையுங்கள். எழுதாமல் விட்டால், ஒன்றும் செய்யவில்லை என்றே இரவில் மனம் சொல்லும்.

நித்திரைக்குக் குடிப்பதும், தானே மருந்து எடுப்பதும் ஆபத்து. மயக்க மருந்தும் கருணைக்கொலை மருந்தும் இரட்டைப் பூட்டில், பதிவேட்டோடு, இருவர் பொறுப்பில் இருக்கட்டும். வாழப் பிடிக்கவில்லை என்ற எண்ணம் ஒருமுறை வந்தாலே திறப்பை மற்றவரிடம் கொடுத்துவிட்டு, 24 மணி நேரமும் இயங்கும் 1926 தேசிய மனநல உதவி இலக்கத்துக்கு அழையுங்கள், அல்லது மாவட்ட வைத்தியசாலையின் மனநலப் பிரிவுக்கு அன்றைக்கே போங்கள்.