துருப்பிடித்த மாருதி 800-இன் இன்ஜினை இன்னொரு 800-க்கு மாற்றுவது எப்படி?

ஊட்டி, குன்னூர் பக்கம் பல கார்களுக்குத் தகடுதான் முதலில் போகும். மூடுபனியும் மழையும் தரைத்தகட்டை அரித்துவிட்டிருக்கும். இன்ஜின் கல்லுப்போல் இருக்கும். அப்படி ஒரு 800 மலிவாகக் கிடைத்து, தகடு உறுதியான இன்னொரு 800 உங்களிடம் இருந்தால் வேலையைத் தொடங்கலாம்.

முதலில் இரண்டும் ஒரே வகையா என்று பாருங்கள். கார்புரேட்டர் வண்டிக்குக் கார்புரேட்டர் இன்ஜின்தான். எம்பிஎஃப்ஐ (பெட்ரோலை மின்னணு முறையில் பீய்ச்சும் வகை) இன்ஜினை எடுத்தால் அதைக் கட்டுப்படுத்தும் கணினியான இசிஎம் பெட்டி, சென்சார்கள், வயரிங், டேங்கினுள் உள்ள மின்பம்ப் எல்லாம் கூடவே வரவேண்டும். புதியவர்களுக்கு அந்த வம்பு வேண்டாம். ஆம்னியிலும் 796 சிசி மூன்று சிலிண்டர் இன்ஜின்தானே என்று ஆசைப்படாதீர்கள். அது நெட்டுவாக்கில் இருந்து பின்சக்கரத்தை ஓட்டுவது. 800-இல் குறுக்காக இருந்து முன்சக்கரத்தை ஓட்டுகிறது.

துருப்பிடித்த வண்டியிலிருந்து இன்ஜினைக் கழற்றும் முன் கம்ப்ரஷன், அதாவது சிலிண்டருக்குள் உண்டாகும் அழுத்தம், பாருங்கள். இன்ஜினைச் சூடாக்கி, இக்னிஷனைத் துண்டித்து, மூன்று பிளக்குகளையும் கழற்றி, ஆக்சிலேட்டரை முழுக்க மிதித்தபடி செல்ஃப் அடித்து அளவெடுக்க வேண்டும். ஊட்டி 2,240 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. காற்றழுத்தம் கடல்மட்டத்தைவிட ஏறத்தாழ கால் பங்கு குறைவு. கையேட்டில் உள்ள எண் இங்கே வராது. அதை நம்பி நல்ல இன்ஜினைக் காயலான் கடைக்கு அனுப்பியவர்கள் உண்டு. மூன்று அளவுகளும் ஒன்றுக்கொன்று நெருங்கி இருக்கின்றனவா என்பதே கேள்வி. ஒன்று மட்டும் குறைந்தால், அந்தச் சிலிண்டரில் கொஞ்சம் ஆயில் விட்டு மறுபடி அளவெடுங்கள். ஏறினால் ரிங் தேய்ந்திருக்கிறது. ஏறாவிட்டால் வால்வையோ ஹெட் கேஸ்கட்டையோ சந்தேகிக்கலாம்.

ஸ்பானரை எடுப்பதற்குள் ஆர்டிஓ அலுவலகம் போய் வாருங்கள். இன்ஜின் எண் ஆர்.சி.யில் இருக்கிறது. மோட்டார் வாகனச் சட்டம் 1988-இன் 52-ஆம் பிரிவின்படி அனுமதி பெற்று மாற்றுங்கள். உடைக்கும் வண்டியின் பதிவையும் ரத்து செய்ய வேண்டும்.

இனி இரண்டு வண்டியிலும் இன்ஜினைக் கழற்றலாம். சமதளம் கிடைப்பதே இங்கே பெரும்பாடு. சரிவில் மட்டும் வேலை செய்யாதீர்கள். சக்கரத்துக்குக் கட்டை கொடுத்து, ஜாக்கை நம்பாமல் ஸ்டாண்டு வையுங்கள். பேட்டரியின் நெகட்டிவ் முதலில். பிறகு கூலண்ட், இன்ஜின் ஆயில், கியர் ஆயில் மூன்றையும் வடியுங்கள். கியர் ஆயிலை வடிக்காமல் ஆக்சிலை உருவினால் தரையெல்லாம் ஆயில்தான். ஒவ்வொரு வயருக்கும் சீட்டு ஒட்டி, படமும் எடுத்துக்கொள்ளுங்கள். பெட்ரோல் குழாயின் வாயை அடைத்த பிறகு, மவுண்ட் போல்ட்டுகளைக் கழற்றி, கியர்பாக்ஸோடு சேர்த்துச் செயின் பிளாக்கில் மேலே தூக்குங்கள். ஓட்டுவீட்டு உத்தரத்தில் செயின் பிளாக்கை மாட்டும் வழக்கத்தை விட்டுவிடுங்கள். இரும்பு ஸ்டாண்டு வாடகைக்குக் கிடைக்கும்.

இன்ஜின் வெளியே இருக்கும்போதே கிளட்ச் பிளேட், ரிலீஸ் பேரிங், டைமிங் பெல்ட், கிராங்க் ஆயில் சீல் எல்லாவற்றையும் புதிதாகப் போடுங்கள். இதில் கஞ்சத்தனம் பார்த்தால் மறுபடி முழுவதும் இறக்க வேண்டும்.

உடைக்கும் வண்டியிலிருந்து இரும்பை எடுக்கலாம், ரப்பரை எடுக்காதீர்கள் என்பது என் கட்சி. பழைய வண்டியின் பிரேக் ஹோஸ், வீல் சிலிண்டர் வாஷர்கள், டயர் எதுவும் வேண்டாம். ஊட்டியிலிருந்து மசினகுடிக்குப் போகும், 36 கொண்டை ஊசி வளைவுகள் கொண்ட கல்லட்டி இறக்கத்தில் பிரேக் சூடேறும்போது வெடித்த ஹோஸ் தாங்காது.

கழற்றிய வரிசையைத் திருப்பிப் போட்டால் பொருத்துவது முடிந்தது. கூலண்ட்டில் காற்றில்லாமல் பார்த்துக்கொள்ளுங்கள். சமவெளியில் ஓடிய கார்புரேட்டர் இங்கே பெட்ரோலை அதிகமாகக் கலக்கும். பிளக் கறுத்தால் மெக்கானிக்கிடம் ட்யூனிங் செய்யுங்கள். முதல் ஓட்டம் ஊருக்குள் மட்டும். நின்றதும் அடியில் ஆயில் சொட்டுகிறதா என்று குனிந்து பாருங்கள்.